அடிமைகள் பெற்ற மொழி

ஆட்சியாளன் ஒரு மொழியைத் தன் கைப்பிரம்பாக்கிக் கொண்டால் அம்மொழி அவனுக்கே உரிமையாகிவிடுமா? இவ்வினாவிற்குத் தென்னாபிரிக்காவின் ஏழை இளைஞர் சிலர் பாட்டாலே விடை பகர்ந்தனர்.

ஆபிரிக்கான்ஸ் என்றதும் உலகின் நினைவுக்கு வருவது 1976 ஜூன் 16 ஆம் நாளே. கணிதம் முதலிய பாடங்களை ஆபிரிக்கான்ஸ் மொழியிலேயே கற்கவேண்டும் என்று வெள்ளையராட்சி கட்டளையிட்டது. சொவெற்றோவின் கறுப்பின மாணவர் வீதிக்கு வந்தனர், காவற்படை சுட்டது, பச்சிளம் பாலகர் மடிந்தனர். அன்றிலிருந்து அம்மொழி கொடுங்கோலின் மொழி எனப் பழி சுமந்தது. பழி நியாயமானதே. ஆயினும் இது வரலாற்றின் ஒரு பாதி. மறு பாதியையும் நாம் அறிதல் வேண்டும்.

1652 இல் ஒல்லாந்தர் நன்னம்பிக்கை முனையிற் குடியேறினர். மடகாஸ்கரிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வங்கத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும், ஏன், நமது இலங்கையிலிருந்துங்கூட, மனிதரை அடிமைகளாக அங்கே கொண்டுசென்றனர். அவ்வடிமைகளும் அம்மண்ணின் கொய்கொய் மக்களும் எசமானின் ஒல்லாந்த மொழியைத் தம் நாவிலே வளைத்துப் பேசியபோது உருவானதே ஆபிரிக்கான்ஸ். சமையலறை மொழி என்று அதனைக் கனவான்கள் எள்ளி நகையாடினர். 19 ஆம் நூற்றாண்டிலே கேப் டவுன் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் அம்மொழியை எழுதிச் சமயக் கல்வி புகட்டினர். 1875 இல் பார்ல் நகரிலே சங்கம் அமைத்து அம்மொழிக்கு உரிமை கோரியவர்கள் வெள்ளையர். 1925 இல் அதனை அரசமொழியாக்கியவர்களும் வெள்ளையர். பெற்றவள் அடுப்படியில் நிற்க, பிள்ளைக்கு வேறொருவர் பெயர் சூட்டினர்!

இக்கதையைத் தம் வாழ்விலே சுமந்தவர்களுள் ஒருவர் டியோன் டானியல்ஸ். ரெடி டி என்னும் பெயரால் நாடறிந்தவர். கேப் டவுனின் டிஸ்திரிக்ற் சிக்ஸ் பகுதியிற் பிறந்தவர். 1966 இல் அப்பகுதி வெள்ளையர்க்கே உரியதெனப் பிரகடனம் செய்யப்பட்டது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் காலப்போக்கில் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. டானியல்ஸின் குடும்பமும் மிச்சல்ஸ் பிளெயினுக்குத் துரத்தப்பட்டது. மணல்வெளியில் எழுந்த அப்புதுக் குடியிருப்பிலே வேலையின்மையும் குழுச்சண்டையும் இளைஞரை விழுங்கக் காத்திருந்தன. அவரோ நடனத்தையும் இசைத்தட்டையும் பற்றிக்கொண்டார்.

1988 இல் சகீன் அரீப்தீன் முதலிய நண்பரோடு 'புரொபெற்ஸ் ஒவ் டா சிற்றி' என்னும் ராப் குழுவைத் தோற்றுவித்தார். தாளத்தோடு இயைய விரைந்து பேசும் பாட்டே ராப். 1990 இல் வெளிவந்த அவர்களின் முதல் இசைத்தொகுப்பில் ஆபிரிக்கான்ஸ் ராப்பும் இடம்பெற்றது. 1993 இல் வந்த 'ஏஜ் ஒவ் றூத்' தொகுப்பின் பாடல்கள் ஆட்சியைச் சாடின. அரச ஒலிபரப்பு அவற்றுக்குக் கதவடைத்தது. மறு ஆண்டு மண்டேலா பதவியேற்ற விழாவிலே அதே குழு மேடையேறிற்று! ஒரே ஆண்டில் காலச்சக்கரம் எவ்வாறு சுழன்றது, பார்த்தீர்களா?

ஆட்சி மாறியதோடு டானியல்ஸ் ஓய்ந்திருக்கவில்லை. காலஞ்சென்ற அஷ்லி டைற்றஸ் முதலியோருடன் 'பிராசெ வன்னி காப்' என்னும் குழுவை அமைத்தார். 'கேப்பின் தோழர்கள்' என்பது அதன் பொருள். காப்ஸ் எனப்படும் தெருவோர ஆபிரிக்கான்ஸிலேயே அவர்கள் பாடினர். பள்ளிக்கூடத்திலே பிழையென்று திருத்தப்பட்ட பேச்சு, அரங்கிலே ஆயிரவர் கைதட்டும் கலையாயிற்று.

"இது கொச்சை, மொழியின் தூய்மையைக் கெடுக்கிறது" என்பர் சிலர். "கொடுங்கோலரின் மொழி நமக்கேன்?" என்பர் வேறு சிலர். முன்னவர்க்கு நாம் சொல்வது இது: எந்த நாவிலே அம்மொழி பிறந்ததோ அந்த நாவையே கொச்சை என்பது என்ன நீதி? பின்னவர்க்கு 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு விடை கூறும். ஆபிரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 69 இலட்சம். அவருள் வெள்ளையர் 27 இலட்சமே. கலப்பினத்தார் எனப்படுவோர் 34 இலட்சம். பெரும்பான்மையினரின் தாய்மொழியைச் சிறுபான்மையினரின் பாவத்துக்காகத் தண்டிப்பதா?

2021 இல் மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தினரும் ஹிப்-ஹொப் கலைஞரும் கைகோத்துக் காப்ஸ் மொழிக்கு மும்மொழி அகராதி தொகுக்கும் பணியைத் தொடங்கினர். நன்று. ஆனால் அகராதி மட்டும் போதாது. வீட்டிலே தாய் பேசிய சொல்லை வகுப்பறையிலே சொன்ன பிள்ளை தலைகுனியாத நாள் வரவேண்டும். அதுவரை அப்பாடகரின் பணி முற்றுப்பெற்றதாகாது.

மொழி எவர்க்கும் பகையன்று. அதனைச் சாட்டையாக்கிப் பிறர் முதுகில் வீசுபவனே பகைவன். அவன் கையிலிருந்து சாட்டையைப் பறிக்கவேண்டுமேயன்றி, மொழியையும் அவனுக்கே தாரைவார்த்துவிடலாகாது. மிச்சல்ஸ் பிளெயினின் பிள்ளைகள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. அவர்கள் வாழ்க!