தீப்பெட்டிப் படம் சேர்க்கும் பிள்ளை

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் தீப்பெட்டிப் படங்கள் இருந்தால் பிடுங்கி எறியாதீர்கள். அவற்றை அவன் முதலில் விலங்கு, பறவை, கப்பல் என்று பிரிக்கிறான். பிறகு, தயாரான ஊரைப் பார்த்து சிவகாசி, கோவில்பட்டி, குடியாத்தம் என்று மாற்றி அடுக்குகிறான். வகைப்படுத்தல் என்னும் அறிவியலின் அரிச்சுவடி இதுதான். கேம்பிரிட்ஜில் படித்த நாட்களில் சார்லஸ் டார்வின் பாடங்களைவிட வண்டு சேகரிப்பதில்தான் மூழ்கிக் கிடந்தார். இரண்டு பிரதி இருக்கும் படத்தை நண்பனிடம் கொடுத்து, இல்லாததை வாங்கும்போது பேரமும் நாணயமும் பழகுகின்றன. மதிப்பெண் தராததெல்லாம் வீண் என்ற எண்ணத்தைப் பெரியவர்கள்தான் விட வேண்டும். பிள்ளைகள் தாங்கள் சேர்த்ததை வகுப்பில் காட்டிப் பேச, மாதம் ஒரு பீரியடையாவது பள்ளிகள் ஒதுக்கட்டும். அந்த பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கேட்கக் கூடாது.