‘மேடம்’ என்று கூப்பிடும் துப்பறிவாளன்

போன வாரம் ‘சுழல்’ தொடரின் முதல் பாகத்தை இரண்டாம் தடவையாகப் பார்த்து முடித்தேன். 2022 ஜூன் மாதம் அமேசான் பிரைமில் வந்த எட்டுப் பகுதித் தொடர். புஷ்கர்-காயத்ரி உருவாக்கியது, இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும். முதல் தடவை பார்த்தபோது குற்றவாளி யார் என்பதிலேயே புத்தி ஓடியது. விடை தெரிந்த பிறகு பார்த்தபோதுதான் அந்த இரண்டு போலீஸ்காரர்களையும் சரியாகக் கவனித்தேன்.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. சாம்பலூர் என்ற கற்பனை ஊர், ஒரு சிமென்ட் ஆலையை நம்பிப் பிழைக்கிறது. ஆலையில் வேலைநிறுத்தம், போலீஸ் வந்து கலைக்கிறது, அன்றிரவே ஆலை தீப்பற்றி எரிகிறது. சந்தேகம் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மேல். பார்த்திபன் நடித்திருக்கிறார். அதே இரவில் அவருடைய இளைய மகள் நிலாவைக் காணவில்லை. ஊரிலோ மயானக் கொள்ளைத் திருவிழா. மேல்மலையனூருக்குப் போய் வந்த நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த அங்காளம்மன் வேஷங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆலை ஓடினால்தான் கடைத்தெருவில் காசு புழங்கும் என்பதையும், செராமிக் தொழிற்பேட்டையின் நல்ல காலம் கெட்ட காலம் இரண்டையும் பார்த்த விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

வழக்கைத் துருவுகிறவர்கள் இன்ஸ்பெக்டர் ரெஜினாவும் (ஸ்ரேயா ரெட்டி) சப்-இன்ஸ்பெக்டர் சக்கரையும் (கதிர்). பொருந்தாத ஜோடி துப்பறிவது நமக்குப் புதிதில்லை. சுஜாதாவின் கணேஷ்-வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி என்று பஸ் ஸ்டாண்ட் கடையில் மாத நாவல் வாங்கிப் படித்தவர்கள்தானே நாம். 1985-இல் தூர்தர்ஷனில் கேரட் கடித்துக்கொண்டு வந்த கரம்சந்தும் அவருடைய கிட்டியும் கூட உண்டு. இந்தி புரியாவிட்டாலும் சிரித்தோம். அங்கெல்லாம் பொருந்தாமை என்பது குணத்தில். ஒருவர் அழுத்தம், இன்னொருவர் வாய்த்துடுக்கு. வசந்த் ‘பாஸ்’ என்று கூப்பிட்டுக்கொண்டே கணேஷைக் கிண்டலடிப்பான். கணேஷ் கோபித்துக்கொண்டாலும் மறுநாள் வசந்துக்கு வேலை போய்விடாது.

சக்கரை ‘மேடம்’ என்று சொல்வது அந்த ரகமில்லை. அதில் மரியாதை உண்டு, விசுவாசம் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. வேலையில் தன்னை வளர்த்த அதிகாரியாகத்தான் அவரைப் பார்க்கிறான். அந்த மேடத்தின் மகனே வழக்குக்குள் வந்துவிட்ட பிறகு, தன் கண்ணில் பட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. ஸ்ரேயா ரெட்டியின் பார்வை ஒன்றே போதும், கீழே இருப்பவன் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்வான். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதைச் சொல்லிவிட்டால் என்னைத் திட்டுவீர்கள், விடுகிறேன்.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு இங்கே ஒரு பீங்கான் கூடத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். ஐப்பசி அடைமழை. கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டர், நாள் நெருக்குகிறது. சூளையில் அடுக்கும் பையன் ஒருவன் என்னிடம் வந்து, “அண்ணே, உள்ளே ஈரம் இருக்குது, இன்னும் ரெண்டு நாள் காயணும்” என்றான். நானும் ஒரு விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. மேனேஜர் அறை வரைக்கும் போனேன். அவர் நிமிர்ந்து, “அடுக்கியாச்சா?” என்றார். “ஆயிட்டிருக்கு சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். சூளையைத் திறந்தபோது பாதிக்கு மேல் வெடித்தும் விரிசல் விட்டும் கிடந்தது. பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டு வாங்கியதும் அவன்தான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஆகவே ஸ்டேஷனில் மேஜைக்கு எதிரே சக்கரை நின்றபோதெல்லாம் எனக்கு அந்த மேனேஜர் அறைதான் ஞாபகத்துக்கு வந்தது. வெளிநாட்டுத் தொடர்களில் ஜோடிகள் காரில் போகும்போதே சண்டை போட்டுக்கொள்வதைப் பேரப்பிள்ளைகள் ரசிக்கிறார்கள். ரசிக்கட்டும். நம் ஊர் ஆபீஸில், ஸ்டேஷனில், பட்டறையில் அந்தச் சண்டை வாய்க்குள்ளேயே நடக்கும். அதைக் கதையாக்கிய தொடர் என்பதால்தான் இதை நல்ல தொடர் என்கிறேன். திருப்பங்கள் அளவுக்கு மேல் என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார், அதுவும் வாஸ்தவம். கடைசி இரண்டு பகுதிகளில் எனக்கே மூச்சு வாங்கியது.

2025 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் வந்தது. கடலோர ஊர், அஷ்டகாளித் திருவிழா, வக்கீல் செல்லப்பாவாக லால். படப்பிடிப்பு பிரமாதம், செலவும் அதிகம் செய்திருக்கிறார்கள். ஆனால் சக்கரை மதிக்கும் அந்தப் பெரியவர் ஆரம்பத்திலேயே கொலையாகிக் கிடக்கிறார். செத்தவரிடம் தயங்க என்ன இருக்கிறது? அவன் யாரிடமும் வார்த்தையை விழுங்க வேண்டியதில்லை. வேகமாகத் துப்பறிந்துகொண்டே போகிறான். எனக்கு அந்த எட்டுப் பகுதியும் முடிவதற்குள் இரண்டு தடவை தூக்கம் வந்துவிட்டது. மூன்றாவது பாகம் எடுப்பதானால், பையனுக்கு மறுபடியும் ஒரு மேலதிகாரியைக் கொடுங்கள் சாமி.