ஹாண்டிலை உயர்த்துங்கள், வெல்டிங்கில் வேண்டாம்



"மாஸ்டருக்கு இந்த வயதில் ஸ்டைல் கேட்குதோ?" பைக்கின் ஹாண்டிலை உயர்த்திய ஆசிரியர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் விடியமுன் வெளிக்கிட்டு, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் போய், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறுகிறவர்கள் நாங்கள். தாழ்ந்த ஹாண்டிலில் குனிந்தே ஓடி, பின்னேரம் ருகூஉவுக்குக் குனிந்தால் நிமிர முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திரும்பத் திறந்தும் எங்கள் சம்பளத்துக்குப் புது பைக் எட்டவில்லை. இருப்பதைத்தான் உடம்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். இதில் ஸ்டைல் எங்கே இருக்கிறது?

ஆனால் எங்கள் ஆட்களையும் கேட்க வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று பழைய ஹாண்டிலை அறுத்து, இடையில் குழாய் வைத்து வெல்டிங் பிடிப்பது சிக்கனமா? ஹாண்டில் உயர உயர, கை கொடுக்கும் விசை அந்த ஒட்டில் இன்னும் பலமாக விழும். வகுப்பில் நெம்புகோல் படிப்பிக்கிற நாங்களே இதை மறக்கலாமா?

எங்களில் ஒருவர் உயரமான ஹாண்டிலைப் போட்டுவிட்டுப் பழைய கேபிள்களை அப்படியே விட்டார். இறங்குதுறையில் பைக்கைத் திருப்பும்போது எக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாக உறுமியது. இன்னும் இரண்டு அடி போயிருந்தால் கடல். அல்லாஹ் காப்பாற்றினான்.

காசு குறைந்தவர்களுக்கு ஒழுங்கான வழி உண்டு. முதலில் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஹாண்டிலை உங்கள் பக்கமாகச் சற்றுச் சுழற்றி இறுக்குங்கள். செலவே இல்லை, பலருக்கு அதுவே போதும். போதாவிட்டால் ஓர் அங்குல ரைசர், தலையில் 8.8 என்று பொறித்த நீள போல்ட்டுடன். அதற்கும் மேலே வேண்டுமென்றால், உங்கள் பைக்கின் கிளாம்புக்குப் பொருந்தும் விட்டத்தில் (அநேகமாக 22 மில்லிமீற்றர்) முழு ஹாண்டில் வாங்குங்கள். கிளச் கேபிள், எக்சிலேட்டர் கேபிள், டிஸ்க் பிரேக் ஹோஸ் மூன்றின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் காசு இல்லையா, அடுத்த சம்பளம் வரை பொறுங்கள்.

கராஜை விட்டு வெளியே வருமுன், நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். சத்தம் கூடினால் கேபிள் கட்டை. ஹோஸ் மாற்றினால் அதிலுள்ள காற்றை முழுதாக எடுக்க வேண்டும். பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஓடாதீர்கள்.

உயரத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. நெஞ்சு நிமிர்ந்தால் காற்றும் கூடப் பிடிக்கும். சோழகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் அது பாய்மரம் கட்டி ஓடுவது மாதிரி. ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு.

உடம்பு அமானிதம். முதுகைக் காக்கப் போய் உயிரைப் பணயம் வைப்பது அதற்குச் செய்யும் துரோகம். பாடசாலை வாசலில் பிள்ளைகள் எங்கள் பைக்கைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். நாளைக்கு அவர்களும் அதே வெல்டிங் கடைக்குத்தான் போவார்கள். அதற்கு முன் நாங்கள் திருந்துவோம்.