மறதி நோயும் இயலாமைதான்

கால் இழந்தவருக்கும் கண் தெரியாதவருக்கும் உதவிப்பணம் கேட்டுப் படிவம் நிரப்பிக் கொடுக்க எமது தோட்டத் தலைவர்கள் நன்றாகப் பழகியிருக்கிறார்கள். மறதி நோய் கண்டவருக்காக அப்படி ஒரு படிவம் போவதை நாம் காண்பது அரிது. "வயசு போனா அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். வேலை செய்யும் வயதில் உள்ளவர் என்றால் இன்னும் மோசம்: குடி என்பார்கள், சோம்பல் என்பார்கள், சிலர் செய்வினை என்றும் சொல்வார்கள்.

வைத்தியர்கள் டிமென்சியா என்று அழைப்பது மூளையின் நோய். அல்சைமர் நோயால் வரும். பாரிசவாதத்துக்குப் பின் வரும். கவனிக்காமல் விட்ட பிரசர், சீனி வருத்தம் ஆகியவையும் அதற்கு வழி திறக்கும். 65 வயதுக்கு முன்னும் வரலாம். மலையில் அதன் அடையாளங்கள் கங்காணியின் கண்ணுக்குத்தான் முதலில் படும். முப்பது வருடம் கொழுந்தெடுத்த கை திடீரென்று நிறை குறைக்கிறது. தனக்குக் கொடுத்த நிரையை விட்டு அடுத்தவர் நிரையில் போய் நிற்கிறார். பழகிய குறுக்குப் பாதையில் வழி தெரியாமல் நிற்கிறார். கிடைப்பதோ ஏச்சும் அரைப்பேரும். பிறகு வேலைக்கு வருவது நின்றுபோகிறது. தானாக வேலையை விட்டவர் என்று தோட்டம் எழுதிக்கொள்கிறது.

அந்த ஒரு வரியை எதிர்க்காமல் விட்டால் குடும்பம் இழப்பது அதிகம். ஊழியர் சேமலாப நிதியைப் பொதுவாகப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும்தான் எடுக்கலாம். ஆனால் நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய இயலாதவர் என்று வைத்தியர் சான்றளித்தால் அந்த வயது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சேவைக்காலப் பணம் வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் உரியது. சேவை முடிந்து 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். வேலை செய்யும்போது மலையில் விழுந்து தலையில் அடிபட்டதன் விளைவாக நினைவு கெட்டிருந்தால், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழும் கேட்க இடமுண்டு. அதற்கு விழுந்த நாளின் பதிவு தோட்ட மருந்துச்சாலைப் புத்தகத்தில் இருப்பது பெரிய பலம்.

அஸ்வெசும திட்டத்தின் கீழ் குறைந்த வருமானமுள்ள அங்கவீனர்களுக்கு வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. மறதி நோய் இதற்குள் வருமா என்று கேட்பவர்களுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே பதில். அங்கவீனர் யார் என்று அது சொல்லும் இடத்தில் உடல் ஆற்றலோடு உள ஆற்றலும் சேர்ந்தே நிற்கிறது. தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ள முடியாத நிலையே அதன் அளவுகோல்.

சிக்கல் இந்த "முடியாத நிலையை" காட்டுவதில்தான் இருக்கிறது. உத்தியோகத்தர் முன்னால் உட்காரும் அந்த அம்மா சிரிப்பார், வணக்கம் சொல்வார், பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லிவிடுவார். பத்து நிமிடத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று முடிவாகிவிடும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்ததும், இரவில் லயத்தை விட்டு இறங்கிப் போனதும், குளிக்கவும் உடுக்கவும் ஆள் வேண்டியிருப்பதும் அங்கே தெரியாது. ஆகவே ஒரு மாதமாவது வீட்டில் நடப்பதைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். கிளினிக் கொப்பியோடு பழைய சம்பளத் துண்டுகளையும் கொண்டுபோங்கள். மாதாமாதம் நிறை எப்படி விழுந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வைத்தியச் சான்றிதழில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. என்ன வேலை முடியவில்லை, எவ்வளவு நேரம் துணை வேண்டும் என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.

பரிசோதனை தமிழில் நடக்க வேண்டும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவும் ஒரு வசனம் எழுதவும் சொல்லும் பரிசோதனைகள் உண்டு. பள்ளிக்கூடமே போகாதவரை அதைக் கொண்டு அளந்தால் எந்தப் பக்கமும் சரியான விடை வராது. கூடப்போகிறவர் இதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தைரொயிட் குறைபாடு, பி12 விட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி நோய் போலவே தோன்றும். இவற்றுக்கு மருந்து இருக்கிறது. நன்மைக்காக மட்டுமன்றிச் சுகத்துக்காகவும் வைத்தியரிடம் போவது அவசியம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறோம். புரியாத நிலையில் உள்ளவரின் பெருவிரலைப் பிடித்து இராஜினாமாக் கடிதத்தில் அடையாளம் வைப்பதை, அதைச் செய்வது நிர்வாகமாயினும் சொந்த மகனாயினும், நாம் ஏற்கப்போவதில்லை. நோய் ஆரம்பத்தில் இருக்கும்போதே சேமலாப நிதியில் பின்னுரித்தாளி பெயர் சரியா, அடையாள அட்டையில் உள்ள பெயரும் செக்ரோலில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்துவிட வேண்டும். முனியம்மா ஓரிடத்திலும் முனியாயி ஓரிடத்திலும் இருந்தால் திருத்துவதற்கு மாதங்கள் போகும். அதற்குள் நோயாளி தன் பெயரையே சொல்ல முடியாதவராகிவிடலாம்.

தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும்: உங்கள் டிவிசனில் கடந்த இரண்டு வருடத்துக்குள் "தானாக விட்டவர்" என்று பெயர் வெட்டப்பட்டவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். சந்தேகமுள்ளவர்களின் விபரத்தை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பிரதேச செயலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் எமது பிரதிநிதி அவர்களோடு வருவார்.