குளிரிலும் வியர்க்கிறதா?



டிசம்பர், ஜனவரி மாதங்களில் பதுளை மாவட்டத்து மலைத் தோட்டங்களில் குளிர் எப்படி இருக்குமென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டார் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் நடுச்சாமத்தில், ஐம்பதை நெருங்கும் ஒரு தாய் மட்டும் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்காருகிறார். நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் தீயாய் ஏறுகிறது ஒரு சூடு. நெஞ்சு படபடக்கிறது. உடுப்பு வியர்வையில் நனைகிறது. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கி, உடல் நடுங்கத் தொடங்குகிறது. "காய்ச்சலோ?" என்கிறார் கணவர். "எதையாவது கண்டு பயந்திருப்பாள்" என்கிறார் மாமியார். அவரோ வெட்கப்பட்டு எதுவும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்.

இது காய்ச்சலுமல்ல, பயமுமல்ல. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெரும்பாலான பெண்களுக்கு ஏற்படும் வெப்பத் தாக்கம் இது.

ஏன் வருகிறது? சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன், ஏறத்தாழ 45 முதல் 55 வயதுக்குள் ஏறி இறங்கி, பின்னர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நமது உடற்சூட்டைச் சீராக வைத்திருப்பது மூளையின் அடியிலுள்ள ஒரு சிறு பகுதி. ஈஸ்ட்ரஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்புக் கலங்கள் அளவுமீறித் தூண்டப்படுகின்றன. அதனால் உடற்சூடு சிறிதளவு கூடினாலே, உடல் கொதிப்பதாக மூளை தவறாக எண்ணிவிடுகிறது. உடனே தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டச் செய்து சூட்டைத் தணிக்கப் பார்க்கிறது. வெளியே பனி பெய்தாலும் இது நடக்கும். சூடான தேநீர், உறைப்புக் கறி, அடுப்படி வெக்கை, மனக்கவலை ஆகியவை இதைக் கிளப்பிவிடலாம்.

அடிக்கடி இத்தாக்கம் வந்த பெண்களில் பாதிப்பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததாக, 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகிறது. இது நோயல்லதான். ஆனாலும் இரவுத் தூக்கம் கெட்டவர் விடிந்ததும் கொழுந்துக் கூடையோடு சரிவான மலையில் ஏற வேண்டுமே! இதே பருவத்தில் எலும்பும் தேய்கிறது. சறுக்கி விழுந்தால் முறிவு எளிதில் ஏற்படும். அடிக்கடி, பல ஆண்டுகள் இத்தாக்கம் உள்ளவர்களிடம் இதயநோய் ஆபத்தும் அதிகமாகக் காணப்பட்டுள்ளது. எனவே பிரஷர், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டிய வயது இது.

அதேவேளை எல்லா வியர்வையையும் இதன் தலையில் போட்டுவிடாதீர்கள். இரவு வியர்வையோடு நாட்பட்ட இருமலும் உடல் மெலிவும் இருந்தால் காசநோயா என்று பார்க்க வேண்டும். தைரொயிட் கோளாறாலும் இப்படி வியர்க்கும். 40 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

முக்கியமாக ஒன்று. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், தொழலாமா, நோன்பு நோற்கலாமா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சிகிச்சை உண்டா? உண்டு. ஓமோன் மருந்து பற்றி 2002இல் ஓர் அமெரிக்க ஆய்வு பெரும் அச்சத்தைக் கிளப்பியது. 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் ஆகாத ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாகத் தீமையைவிட நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம் கண்டவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல. ஓமோன் இல்லாத மருந்துகளும் உள்ளன. எது பொருந்தும் என்பதை டாக்டரே தீர்மானிக்க வேண்டும்.

கருவுற்ற தாயைத் தேடி மருத்துவ மாது வீட்டுக்கே வருகிறார். பிள்ளை பெற்று முடித்தவரோ தாமே தேடிப் போக வேண்டியிருக்கிறது. 35 வயதைக் கடந்த பெண்களுக்காக 1996இல் நம் நாட்டில் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனைகள் இலவசம். உங்கள் பகுதியில் அது நடக்கும் நாளை மருத்துவ மாதுவிடம் கேளுங்கள்.

ஒரு நாட்சம்பளம் போய்விடுமே என்று தோட்டத்துச் சகோதரி தயங்குவார். பட்டணத்துச் சகோதரியை வெட்கம் தடுக்கும். சகோதரர்களே! அன்றைய சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரைக் கிளினிக்குக்கு அனுப்பி வையுங்கள்.