ஈயடிச்சான் காப்பியும் ஓடாவி காப்பியும்

பழைய கம்ப்யூட்டருக்காக யாராவது உட்கார்ந்து ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மாதிரியோ டூம் மாதிரியோ ஒரு சுடும் விளையாட்டை சொந்தமா எழுதினா, நம்ம ஆளுங்க ஒரே வார்த்தையில கதையை முடிச்சிடுறாங்க: "டூப்ளிகேட்". சொல்லும்போது உதட்டை வேற ஒரு பிதுக்கு பிதுக்குவாங்க. அந்தப் பிதுக்கலை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். காப்பியில ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு ஈயடிச்சான் காப்பி. மூலத்துல ஈ செத்துக் கிடந்தா நகல்லயும் ஒரு ஈயை அடிச்சு ஒட்டுறது. இன்னொண்ணு ஓடாவி காப்பி. எங்க கடற்கரையில வள்ளம் கட்டுற தச்சருக்கு ஓடாவின்னு பேரு. அவர் பக்கத்து ஊர் வள்ளத்தை ஒரு சுத்து சுத்திப் பார்ப்பார், ஓட்டிப் பார்ப்பார், அப்புறம் தன்கிட்ட இருக்கிற மரத்துக்கும் தன் ஊர் கடலுக்கும் ஏத்த மாதிரி ஒண்ணு கட்டுவார். அதை யாரும் திருட்டுன்னு சொன்னதில்லை.

முதல் சாதி நமக்கு நல்லாவே தெரியும். தொண்ணூறுகள்ல வீட்டுக்கு வீடு இருந்த டிவி கேம் பெட்டியும் '9999 இன் 1' மஞ்சள் கேசட்டும்தான். அந்தப் பெட்டியே ஜப்பான்காரன் 1983-ல் விட்ட ஃபேமிகாமின் நகல். உள்ளே இருந்த கான்ட்ரா, கேலக்ஸியன் எல்லாம் அப்படியே அச்செடுத்தது. 9999-ன்னு போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தா முப்பது நாப்பது தேறாது, மீதி எல்லாம் பேர் மாத்தி வச்சது :) அந்தக் கேசட் இல்லேன்னா எங்க பக்கத்து பசங்க கையில ஒரு விளையாட்டும் வந்திருக்காது என்பது உண்மை. ஆனா அதைத் தயாரிச்சவன் அதிலிருந்து ஒண்ணும் கத்துக்கலை என்பதும் உண்மை. அவன் செஞ்சது ஜெராக்ஸ்.

ரெண்டாவது சாதி எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு உதாரணம் பார்ப்போம்.

டைட்டோ கம்பெனியின் நிஷிகாடோ 1978-ல் எழுதின ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்குங்க. வரிசைக்கு 11, அஞ்சு வரிசை, ஆக 55 வேற்றுக்கிரக ஜந்துக்கள். சுடச் சுட அதுங்க வேகமா வரும், நம்ம நெஞ்சு படபடக்கும். அந்த வேகத்தை அவர் முதல்ல திட்டம் போட்டு வைக்கலை. உள்ளே இருந்த 8080 சிப்பு ஒரு ஃப்ரேமுக்கு ஒரே ஒரு ஜந்துவைத்தான் நகர்த்தும். 55 இருந்தா ஒரு சுத்து முடிய கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தா அது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நகரும். அதான் அந்தப் பேய் வேகம். மனுஷன் அதைப் பார்த்துட்டு, நல்லாத்தானே இருக்குன்னு அப்படியே விட்டுட்டார்.

ஆயிரம் தடவை விளையாடினாலும் இது தெரியாது. நீங்களே ஒண்ணு எழுத உட்கார்ந்தா முதல் வாரத்துலயே தெரிஞ்சிடும். ஏன்னா உங்க விளையாட்டுல ஜந்துக்கள் ஒரே வேகத்துல ஊர்ந்துக்கிட்டு, பார்க்கவே தூக்கம் வரும். "அதுல ஏன் பயமா இருந்துச்சு, இதுல ஏன் இல்லை?"ன்னு கேக்க ஆரம்பிப்பீங்க. அந்தக் கேள்விதான் படிப்பு. ரசிகனுக்கும் செய்யுறவனுக்கும் நடுவுல இருக்கிற கோடும் அதுதான்.

ஸ்பெக்ட்ரம்ல இன்னொரு பாடம். படம் வேணும்னா கட்டம் போட்ட தாள்ல எட்டுக்கு எட்டா 64 கட்டம் போட்டு, நிரப்பின கட்டம் 1, காலி கட்டம் 0-ன்னு எட்டு எண்ணா மாத்தணும். இப்படி 21 எழுத்துக்களை நீங்களே வரைஞ்சுக்கலாம். மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வச்சுப் பழகினவங்களுக்கு இது ஜுஜுபி. ஆனா ஒரு எட்டுக்கு எட்டு கட்டத்துக்குள்ள ரெண்டே நிறம்தான். உங்க குண்டு எதிரி மேல போகும்போது நிறம் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கும். இதுக்காகவே பல பேர் கறுப்புப் பின்னணியில, நிறம் கலக்காத மாதிரி ஆட்டத்தையே மாத்தி அமைச்சாங்க. இல்லாமை வடிவத்தைத் தீர்மானிச்சிடும்.

நம்ம நாட்டுக்கு இந்தப் பொட்டிகள் வரலையான்னு கேட்டா, வந்துச்சு. 1984-85-ல் மத்திய அரசு 'க்ளாஸ்'னு ஒரு திட்டம் போட்டு, முதல் கட்டமா 250 பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் கொடுத்தது. எண்பதுகளின் பின்பாதியில டெசிபெல்ஸ் கம்பெனி ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை உரிமம் வாங்கி 'டிபி ஸ்பெக்ட்ரம்'னு இங்கேயே வித்தது. ஆனா ரெண்டும் நம்ம கடற்கரை வரைக்கும் வந்த மாதிரி எனக்குத் தெரியலை. எங்களுக்கு வாய்ச்சது கீபோர்டு வச்ச டிவி கேம். கூடவே பேசிக் மொழி இருக்கிற ஒரு கேசட் வரும். எழுதினதைச் சேமிக்க வழி கிடையாது. கரண்ட் போனா எல்லாம் போச்சு. நோட்டுல எழுதி வச்சு மறுநாள் திரும்ப அடிக்கணும். எங்க ஊர்ல கரண்ட் எவ்வளவு நம்பிக்கையானதுன்னு சொல்லவே வேண்டாம் :)

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, டெல்லி பள்ளிக்கூடத்துல துணி போர்த்தி வச்சிருந்த பிபிசி மைக்ரோவுக்குள்ளயும் எங்க வீட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளயும் இருந்தது ஒரே 6502 குடும்பத்துச் சிப்புதான். வேகத்துலயும் பெரிய வித்தியாசம் இல்லை. நினைவகத்துல மட்டும் மலைக்கும் மடுவுக்கும்: அங்கே 32 கேபி, இங்கே 2 கேபி. 2008-ல் டெரக் லோமாஸ்ங்கிற அமெரிக்கர் பெங்களூர்ல இந்த மாதிரி டிவி கம்ப்யூட்டர் ஒண்ணை வாங்கிப் பார்த்துட்டு, "இவ்வளவு மலிவா ஒரு 6502-ஆ!"ன்னு அசந்து போய், இதுக்குப் படிப்பு விளையாட்டு எழுதணும்னு 'ப்ளேபவர்'னு ஒரு முயற்சியே ஆரம்பிச்சார். நாம விளையாட்டுச் சாமான்னு நினைச்சதை அந்த ஆள் கம்ப்யூட்டர்னு கண்டுபிடிச்சார்.

சரி, காப்பி அடிச்சவன் கடைசி வரைக்கும் காப்பிதானே அடிப்பான்? இதுதான் அடுத்த கேள்வி. வரலாறு அப்படிச் சொல்லலை.

பிபிசி மைக்ரோவுக்கு ஏகார்ன்சாஃப்ட் 1982-ல் வித்ததுல பாதி ஆர்கேட் நகல்கள். கேலக்ஸியனுக்கு 'ஆர்கேடியன்ஸ்'. டிஃபெண்டருக்கு அதே பேர்லயே ஒண்ணு விட்டு, அப்புறம் 'பிளானெட்டாய்ட்'னு பேர் மாத்தினாங்க. பேக்மேனுக்கு 'ஸ்னாப்பர்'; உருவம் ரொம்ப ஒத்துப் போச்சுன்னு அந்த வாய் பிளந்த உருண்டைக்குத் தொப்பி மாட்டி விட்டாங்க. அதே கடையிலதான் 1984-ல் பிரேபனும் பெல்லும் எழுதின 'எலைட்' வந்தது. 32 கேபிக்குள்ள எட்டு விண்மீன் மண்டலம், முப்பரிமாணச் சண்டை. அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு கிடையாது.

இன்னொரு கதை. 1990-ல் ஜான் கார்மக்கும் டாம் ஹாலும் ஒரே ராத்திரியில சூப்பர் மரியோ 3-இன் முதல் கட்டத்தை பிசியில நகலெடுத்தாங்க. அதுக்கு அவங்களே வச்ச பேரைத் தமிழ்ல சொன்னா, 'காப்புரிமை மீறலில் டேஞ்சரஸ் டேவ்'! நின்டென்டோ வேண்டாம்னு சொல்லிடுச்சு. ஆனா பிசி திரையை அப்படி வழுக்காம உருட்ட முடியும்னு அந்த நகல்தான் அவங்களுக்குக் காட்டிக் கொடுத்தது. அந்தக் கூட்டம்தான் 1992-ல் வுல்ஃபன்ஸ்டைன் 3டி, 1993-ல் டூம் விட்டது. வுல்ஃபன்ஸ்டைன்ங்கிற பேரே 1981-ல் ஆப்பிள் 2-க்கு வந்த ஒரு விளையாட்டுலேருந்து எடுத்ததுதான். இன்னைக்கு அந்த டூமை, வாங்கும்போது 5 கேபி மட்டுமே இருந்த விக்-20-க்கு, கூடுதல் நினைவகம் மாட்டி 2013-ல் ஒருத்தர் எழுதியிருக்கார். சுழற்சி நிக்கலை.

சட்டமும் இந்த ரெண்டு சாதியைப் பிரிச்சுத்தான் பார்க்குது. 1981-ல் அமெரிக்காவுல அடாரி தன் 'ஆஸ்டராய்ட்ஸ்'க்காக 'மீட்டியர்ஸ்' கம்பெனி மேல வழக்குப் போட்டுத் தோத்தது. பாறையைச் சுடுறதுங்கிற யோசனை யாருக்கும் சொந்தமில்லைன்னு தீர்ப்பு. அடுத்த வருஷமே பேக்மேன் சாயல்ல வந்த இன்னொரு விளையாட்டு மேல அதே அடாரி ஜெயிச்சது. அங்கே உருவத்தையே எடுத்துட்டாங்க. நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்துலயும் 1999 திருத்தத்துக்கு அப்புறம், ஒரு மென்பொருளோட அடிப்படைக் கருத்தைத் தெரிஞ்சுக்க அதை ஓட்டிப் பார்த்து ஆராயறது குத்தம் இல்லை. வள்ளத்தைச் சுத்திப் பார்க்க ஓடாவிக்கு அனுமதி உண்டுன்னு அர்த்தம்.

இந்த விஷயத்துல புன்னைக்காயல்காரங்க உதட்டைப் பிதுக்கவே கூடாது. நம்ம ஊர்ல இருந்து வேலை செஞ்ச அண்ட்ரிக் அடிகளார் 1578-ல் தமிழ் எழுத்துல அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' ஒரு போர்ச்சுகீசியப் புத்தகத்தோட தமிழ் வடிவம். 1586-ல் வந்த 'அடியார் வரலாறு'ம் அப்படியே, வெளியூர் மூலத்தைப் பார்த்துச் செஞ்சது. மூலம் அவங்களுது, அச்சு யந்திரம் அவங்களுது. ஆனா அந்த எழுத்தை வார்க்கும்போது நம்ம சுழியும் கொம்பும் காலும் ஈயத்துல எப்படி நிக்கும்னு யாரோ மண்டையை உடைச்சிருக்காங்க இல்லையா? தமிழ் அச்சு அங்கேருந்துதான் ஆரம்பிக்குது. அதை டூப்ளிகேட்னு சொல்லுவோமா?

அடுத்து, "அதுக்கு ஏன்யா துப்பாக்கி?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. சுடுறதுதான் எழுத ரொம்ப சுலபம், அதான் காரணம். ஒரு புள்ளி மேலே போகணும், இன்னொரு புள்ளியோட மோதுதான்னு பார்க்கணும், மோதினா அழிக்கணும். அவ்வளவுதான். அது துப்பாக்கியாத்தான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

எங்க கடலையே எடுத்துக்குங்க. மேலேருந்து இறங்குற ஜந்துக்கு பதிலா சுறா. கீழே கப்பலுக்கு பதிலா முத்துக் குளிக்கிறவர். சுடுற குண்டுக்கு பதிலா கடல்கட்டியோட மந்திரம். சுறா வாயைக் கட்டுறதுக்குன்னே முத்துக்குளிப்புல கடல்கட்டிகளை வச்சிருந்தாங்கன்னு பழைய பதிவுகள்ல இருக்கு. இதுவரைக்கும் வெறும் வேஷம் மாத்தினதுதான், இன்வேடர்ஸேதான். இப்போ ஒரே ஒரு விதியைச் சேருங்க: மூச்சு. ஒரு நிமிஷத்துக்குள்ள மேலே வரணும். உடனே சுடுறதை விட எப்போ திரும்புறதுங்கிறது பெரிய கேள்வியாயிடும். இன்னொரு விதி: ரெண்டாவது ஆட்டக்காரன் படகுல கயிறு பிடிக்கணும். கயிறு மச்சான் கையிலதான் இருக்கணும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க, தங்கச்சி தாலி அவன் கையில இருக்குமே! கீழே இருக்கிறவன் கயிறை அசைச்சா மேலே இருக்கிறவன் இழுக்கணும். தூங்கினா மச்சான் காலி. இப்போ இது யாரோட டூப்ளிகேட்?

1961-க்கு அப்புறம் தூத்துக்குடி கடல்ல பெரிய முத்துக்குளிப்பு நடக்கலை. அந்த வேலையை உடம்பால தெரிஞ்சவங்க அநேகமா போயிட்டாங்க. அது ஆவணத்துல இருக்கும், பாட்டுல இருக்கும். ஆனா அந்த ஒரு நிமிஷத்தோட பயம் ஒரு பத்து வயசுப் பையன் விரல்ல ஏறணும்னா இந்த மாதிரி ஒரு ரெண்டு கேபி விளையாட்டுல ஏறும். எனக்கு இதுதான் பெரிய விஷயமாப் படுது.

இப்போ பசங்க கையில என்ன இருக்கு? போன். அதுக்குள்ள துப்பாக்கிச் சண்டை. 2020 செப்டம்பர்ல பப்ஜியைத் தடை பண்ணினப்போ ஊரே துக்கம் கொண்டாடுச்சு. 2021 ஜூலையில வேற பேர்ல வந்ததும் திருவிழா. நடுவுல பசங்களால செய்ய முடிஞ்சது காத்திருக்கிறது மட்டும்தான். குண்டோட வேகத்தை ஒரு புள்ளி கூட்டவோ குறைக்கவோ அவங்களால முடியாது. கதவைப் பூட்டினா வெளியே நிக்கணும், திறந்தா உள்ளே போகணும். அந்தக் காலத்துப் பெட்டி, போட்ட உடனே ஒரு கர்சரைக் காட்டி "என்ன செய்யணும் சொல்லு"ன்னு கேட்டுச்சு. இப்ப இருக்கிற பெட்டி என்ன செய்யணும்னு நமக்குச் சொல்லுது.

பழைய பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2011-லேருந்து அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி எத்தனையோ வீட்டு பரண்ல கிடக்கு. அதுல எமுலேட்டர் போட்டா ஸ்பெக்ட்ரமும் பிபிசி மைக்ரோவும் ஃபேமிகாமும் தாராளமா ஓடும். பள்ளிக்கூட கம்ப்யூட்டர் வாத்தியார்களுக்கு என் வேண்டுகோள் ஒண்ணுதான். முதல் மாசம் பசங்களை வெக்கமில்லாம காப்பி அடிக்க விடுங்க, மூலம் மாதிரியே வர்ற வரைக்கும். ரெண்டாவது மாசம் ஒரே ஒரு விதியை மாத்தச் சொல்லுங்க. மார்க்கு அந்த ரெண்டாவதுக்கு மட்டும் போடுங்க.

மக்களே, உங்கள்ல யாராவது அந்தக் காலத்துல நோட்டைப் பார்த்து அடிச்ச பேசிக் விளையாட்டு ஏதாவது இருந்தா, அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வையுங்க.

டிஸ்கி: சுறா விளையாட்டுல கயிறு பிடிக்கிற வேலையை என் சொந்த மச்சானுக்குக் கொடுக்கிறதா இல்லை. காரணம் வீட்டுல தெரியும் :)