அம்மா, அப்பாவோடு நின்றுவிடும் உறவு

தமிழ் தெரிந்தவர்களுக்குக் கொரிய மொழி பாதி தெரிந்த மாதிரிதான் என்கிறார்கள். யூடியூபில் சொல்கிறார்கள், பயிற்சி வகுப்பு விளம்பரங்களில் சொல்கிறார்கள், கொரியத் தொடர் ஓடும் வீடுகளில் சொல்கிறார்கள். ஆதாரம் கேட்டால் அம்மா, அப்பா என்று இரண்டு சொல் வரும். ஆனால் குழந்தை வாயில் முதலில் எழும் இந்த மாதிரி ஒலிகள், ஒட்டும் உறவும் இல்லாத எத்தனையோ மொழிகளில் தாய் தந்தையரைக் குறிக்கின்றன. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார். ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியல் இன்றுவரை ஏற்கவில்லை. அது ஆராய்ச்சியாளர் வழக்கு, இருக்கட்டும். இந்த நம்பிக்கை படிக்கிற பிள்ளைகளைக் கெடுப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஒற்றுமையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வினைச்சொல் கடைசியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் திணறும் இடத்தை நாம் சுலபமாகத் தாண்டிவிடுகிறோம். ‘செய்து பார்’ என்பதற்கு அவர்களும் ‘ஹே பொதா’ என்று செய், பார் இரண்டையும் நம்மைப் போலவே அடுக்குகிறார்கள். மாணவர் ஏமாறுவதும் இங்கேதான். ‘கா ப்வாஸ்ஸொயோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘போய்ப் பார்த்தேன்’. பூசான் நகருக்குப் போய்ப் பார்த்தேன் என்று நாம் சொன்னால், யாரை என்று கேட்பார்கள். கொரியர் கேட்கமாட்டார். அவருக்கு அதன் பொருள், பூசானுக்கு ஏற்கெனவே ஒரு முறையாவது போயிருக்கிறேன் என்பதுதான்.

காரணம் சொல்வதில் சிக்கல் இன்னும் பெரிது. ‘மழை பெய்யறதால குடை எடுத்துட்டுப் போங்க’, ‘லேட்டானதால மன்னிச்சிடுங்க’ என்று நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஆல்’ போதும். கொரிய மொழியில் ‘-அஸொ’, ‘-நிக்கா’ என்று இரண்டு இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் பக்கத்தில் ‘அதனால்’ என்று பென்சிலில் எழுதிக்கொண்டு நம் ஆள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். ஆனால் வாக்கியம் கட்டளையிலோ, ‘வா, போகலாம்’ என்ற அழைப்பிலோ முடிந்தால் ‘-அஸொ’ வரக்கூடாது. குடை எடுக்கச் சொல்ல ‘பிகா ஒனிக்கா’ (மழை வருவதால்) என்றுதான் தொடங்க வேண்டும். மன்னிப்புக்கும் நன்றிக்கும் நேர்மாறு: அங்கே ‘-அஸொ’ மட்டும்தான். ‘-நிக்கா’ பேசுபவர் தன் நியாயத்தைக் கேட்பவர் முன் எடுத்து வைக்கும் வடிவம். அதைப் போட்டு மன்னிப்புக் கேட்பது இலக்கணப்படி தப்பு. காதுக்கோ, தாமதமாக வந்ததற்கு வாதாடுவது போலக் கேட்கும்.

நன்மை நடந்த காரணத்துக்கு ‘தொக்புனே’ என்று தனி வடிவம் உண்டு. உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். எதிர்பாராத ஏதோ குறுக்கே வந்து காரியம் கெட்டால் ‘-நன் பாராமே’. பேருந்து பழுதாகி நேர்காணலைத் தவறவிட்டவர் சொல்வது இது. அதே பேருந்தில் பழைய நண்பரைச் சந்தித்தவர் சொன்னால் சிரிப்பார்கள். தமிழை வைத்து இந்த எல்லைகளை ஊகித்துவிட முடியாது. ஒவ்வொன்றாகப் படிக்கத்தான் வேண்டும்.

பிறகு எப்படி இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது? கொரிய மொழித் திறனைச் சோதிக்கும் டோபிக் தேர்வின் முதல் இரண்டு நிலைகளுக்குக் கேட்பதும் வாசிப்பதும் போதும், எழுதும் பகுதியே கிடையாது. வாக்கிய வரிசை கைகொடுக்க, ஊகித்தே தேறிவிடலாம். மூன்றாம் நிலையிலிருந்து எழுதும் பகுதி வருகிறது, அதில் 600, 700 எழுத்தில் ஒரு கட்டுரையும் உண்டு. அங்கே போய் மாட்டிக்கொண்டதும், கொரிய மொழி திடீரென்று கஷ்டமாகிவிட்டது என்று புலம்புகிறார்கள். அது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது.

புத்தக ஓரத்தில் எழுதிய அந்த ‘அதனால்’களை அழித்துவிடுங்கள். அந்த இடத்தில், இந்த வடிவத்துக்குப் பின் கட்டளை வருமா, இறந்தகாலம் ஒட்டுமா, நல்லதற்கா கெட்டதற்கா என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொரிய வாக்கியத்தை முழுதாக மனப்பாடம் செய்யுங்கள்.